ரோமியோ ஜூலியட்டில் குடும்பப் பகை: வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பில் ஷேக்ஸ்பியரைத் தமிழில் விளக்கி வருகிறேன். ‘ரோமியோ ஜூலியட்’ எடுக்கும் வாரத்தில் காதலைப் பற்றி யாரும் எதுவும் கேட்பதில்லை. அதுதான் படிக்காமலே எல்லோருக்கும் தெரியுமே. சந்தேகம் எல்லாம் அடிதடியைப் பற்றித்தான். வருடா வருடம் அதே கேள்விகள் வருவதால் எழுதி வைத்துவிட்டேன், பிள்ளைகள் கேட்ட மாதிரியே.

கதை தெரியாதவர்களுக்காக: இத்தாலியில் வெரோனா நகரம். மான்டேகு, கேப்யுலெட் என்று இரண்டு பெரிய வீடுகள், தலைமுறைப் பகை. மான்டேகு வீட்டு ரோமியோவும் கேப்யுலெட் வீட்டு ஜூலியட்டும் ஒரு ஞாயிறு இரவு விருந்தில் பார்த்துக்கொள்கிறார்கள், திங்களன்று ரகசியமாகக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், வியாழன் விடிவதற்குள் இறந்துபோகிறார்கள்.

மேடம், இது லவ் ஸ்டோரிதானே, சண்டையைப் பத்தி ஏன் இவ்ளோ பேசணும்?

நாடகம் தொடங்குமுன் வரும் 14 வரி முன்னுரையைப் பாருங்கள். முதல் நான்கு வரியில் காதலர்களே இல்லை. இரண்டு வீடு, பழம்பகை, ஊரார் கையில் ஊரார் ரத்தம், இவ்வளவுதான். காதலர்கள் அடுத்துத்தான் வருகிறார்கள், அதுவும் ‘இந்த இரண்டு பகைவர்களின் வயிற்றில் பிறந்தவர்கள்’ என்ற அடையாளத்தோடு. முதல் காட்சியும் தெருச்சண்டைதான். அது முடிந்து தெரு காலியான பிறகே ரோமியோ மேடைக்கு வருகிறான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நாடகத்தின் தொடக்கத்தில் ஒரு சண்டை, நடுவில் ஒன்று, முடிவில் கல்லறையில் ஒன்று. நகரை ஆளும் இளவரசர் எஸ்கலஸ் மொத்தமே மூன்று முறைதான் வருகிறார். மூன்று முறையும் கத்தி உருவியான பிறகு.

ரெண்டு குடும்பத்துக்கும் அப்படி என்னதான் பிரச்சினை?

சொல்லப்படவே இல்லை. தேர்வுத்தாளில் சில பேர் ‘சொத்துத் தகராறு’ என்று எழுதுகிறார்கள், ஒரு பையன் ‘வாய்க்கால் தகராறு’ என்றே எழுதினான். நாடகத்தில் எதுவும் இல்லை. ‘பழைய வன்மம்’ என்கிறது முன்னுரை. காற்றில் போன ஒரு வார்த்தையிலிருந்து மூன்று கலகம் வந்துவிட்டது என்று எரிச்சல்படுகிறார் இளவரசர். அந்த வார்த்தை என்ன என்று அவரும் சொல்லவில்லை.

ஷேக்ஸ்பியர் மறந்து விட்டுவிடவில்லை. அவர் கதையை எடுத்த ஆர்தர் புரூக்கின் 1562ஆம் ஆண்டு நெடுங்கவிதையில், அந்தஸ்தில் சமமான இரண்டு வீடுகளுக்கு நடுவே பொறாமை புகுந்தது என்று ஒரு காரணம் உண்டு. ஷேக்ஸ்பியர் சமமான அந்தஸ்தை வைத்துக்கொண்டு பொறாமையை எடுத்துவிட்டார். காரணம் தெரிந்தால் பஞ்சாயத்து பேசலாம். இங்கே எதைப் பேசுவது?

கட்டை விரலைக் கடிச்சா எதுக்கு சண்டை வருது?

கட்டை விரல் நகத்தை மேல்பல்லில் கொக்கிபோல் மாட்டிச் சுண்டி எடுப்பது அந்தக் காலத்தில் கடும் அவமதிப்பு. நம் ஊரில் ஒருவன் முகத்துக்கு நேரே காறித் துப்புவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்தக் காட்சியின் ருசி சைகையில் இல்லை. கேப்யுலெட் வீட்டு வேலைக்காரன் சாம்சன் விரலைக் கடிக்கிறான். ‘எங்களைப் பார்த்தா கடிக்கிறீர் ஐயா?’ என்று எதிராளி கேட்டதும், கூட வந்த கிரிகரியிடம் திரும்பி, ஆமாம் என்றால் சட்டம் நம் பக்கம் நிற்குமா என்று கிசுகிசுக்கிறான். நிற்காது என்கிறான் கிரிகரி. உடனே சாம்சன், ‘உங்களைப் பார்த்துக் கடிக்கவில்லை ஐயா, ஆனால் விரலைக் கடிக்கிறேன் ஐயா’ என்கிறான். வரிக்கு வரி ‘ஐயா’. இரண்டு பக்கத்துக்கும் பயம்தான். முதலாளியின் சொந்தக்காரர் ஒருவர் வருவது கண்ணில் பட்ட பிறகுதான் வாள் உருவும் தைரியம் வருகிறது. ‘சண்டை நம் எஜமானர்களுக்குள்ளும், அவர்கள் ஆட்களான நமக்குள்ளும்’ என்று கிரிகரி முன்பே சொல்லிவிட்டான். பகைக்குச் சொந்தக்காரர் ஒருவர், அடிபடுகிறவர் இன்னொருவர்.

கடைகளில் விற்கும் நோட்ஸில் விட்டுவிடும் ஒரு பகுதியும் இங்கே உண்டு. மான்டேகு வீட்டு ஆண்களை விரட்டிவிட்டு அந்த வீட்டுப் பெண்களை என்ன செய்வேன் என்று சாம்சன் ஆபாசமாகப் பீற்றிக்கொள்கிறான். சிரிக்க வைக்கும் காட்சிதான். பேச்சு போகும் இடம் பலாத்காரம். இதை விட்டுவிட்டுப் படித்தால், பின்னால் ஜூலியட்டுக்கு வீட்டில் நடப்பது திடீரென்று வந்ததுபோலத் தெரியும்.

பெரியவங்க ரெண்டு பேரும் சண்டையை விரும்புறாங்களா, இல்லையா?

நாடகத்திலேயே எனக்குப் பிடித்த முடிச்சு இது. தெருவில் சத்தம் கேட்டதும் கேப்யுலெட் வீட்டு அங்கியோடு ஓடிவந்து ‘என் நீளவாளைக் கொண்டு வா’ என்று கத்துகிறார். அவர் மனைவி, ‘ஊன்றுகோல் கேளுங்கள், வாள் எதற்கு?’ என்கிறாள். மான்டேகு பாய வருகிறார், அவர் மனைவி பிடித்து நிறுத்துகிறாள். நீளவாள் அப்போதே பழைய பாணி. இளவட்டங்கள் ரேப்பியர் என்ற மெல்லிய குத்துவகை வாளுக்கு மாறியிருந்தார்கள். கிழவர் கேட்பது பரண்மேல் கிடக்கும் ஆயுதம்.

அடுத்த காட்சியிலேயே அதே கேப்யுலெட், எங்களைப்போல வயதானவர்கள் அமைதி காப்பது கஷ்டமில்லை என்கிறார். அன்றிரவு விருந்தில் ரோமியோ வந்திருப்பது தெரிந்தும், நல்ல பையன் என்று ஊரே சொல்கிறது, விட்டுவிடு என்கிறார். பகையில் அவருக்கு அலுப்பு வந்துவிட்டது என்பது தெளிவு. ஆனால் அலுத்தவர் எதிர்வீட்டுப் படி ஏறினாரா? இல்லை. திட்டுவதற்குத் தவிர இந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் வாய் திறப்பது கடைசிக் காட்சியில், பிள்ளைகளின் பிணத்துக்கு முன்னால்.

அப்ப டிபால்ட்தான் வில்லன், சரியா?

கோபக்காரன், சந்தேகமில்லை. வாளை உருவிக்கொண்டு சமாதானம் பேசுகிறாயா, அந்தச் சொல்லையே வெறுக்கிறேன் என்று மான்டேகு வீட்டுச் சொந்தக்காரன் பென்வோலியோவிடம் சீறுகிறவன். ஆனால் அவன் யார் என்று பாருங்கள். திருமதி கேப்யுலெட்டின் அண்ணனோ தம்பியோ பெற்ற பிள்ளை. அவன் இறந்ததும் ‘என் உடன்பிறந்தவனின் மகனே’ என்று அவள் அழுவதில் தெரிகிறது. நம் கணக்குப்படி ஜூலியட்டுக்குத் தாய்மாமன் மகன், முறைப்பையன். (அந்த ஊரில் முறை கிடையாது. வகுப்பில் இதைச் சொன்னால் ஒரு பத்து நிமிடம் பாடம் நகராது.) ஆக, கேப்யுலெட் மானத்துக்காக ஊரிலேயே அதிகம் துள்ளுகிறவன் மனைவி வழிச் சொந்தம்.

விருந்தில் கேப்யுலெட் அவனைத் தடுத்த விதமும் முக்கியம். பக்குவமாக எடுத்துச் சொல்லவில்லை. இங்கே எஜமான் நானா நீயா, பொடிப்பயலே என்று அடக்குகிறார். அவமானத்தை விழுங்கிக்கொண்டு போன டிபால்ட், மறுநாள் காலையிலேயே ரோமியோவுக்குச் சவால் கடிதம் அனுப்பிவிடுகிறான். கேப்யுலெட் அன்றிரவு காப்பாற்றியது பகையிலிருந்து ரோமியோவையா, ரகளையிலிருந்து தன் விருந்தையா என்று கேட்டால், விருந்தை என்றுதான் நான் சொல்வேன்.

மெர்க்யூஷியோ எந்தக் குடும்பம்? அவன் ஏன் சாகுறான்?

எந்தக் குடும்பமும் இல்லை. இளவரசரின் உறவினன், ரோமியோவின் நண்பன். கேப்யுலெட் விருந்துக்கு முறையாக அழைக்கப்பட்டவர்களின் பட்டியலில்கூட அவன் பெயர் இருக்கிறது. இரண்டு பக்கமும் போக முடிந்தவன், முதல் சாவு அவனுடையது.

மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சி. டிபால்ட் வந்து ரோமியோவை அயோக்கியன் என்கிறான். ரோமியோ பணிந்து பேசுகிறான். இந்தப் பணிவைக் கேவலம் என்று நினைத்து மெர்க்யூஷியோ தானாக வாளை உருவுகிறான். ரோமியோ விலக்கிவிட நடுவில் பாய, அவன் கைக்கு அடியில் புகுந்து டிபால்ட்டின் வாள் மெர்க்யூஷியோவைக் குத்துகிறது. ‘நீ எதற்கு நடுவில் வந்தாய்? உன் கைக்கடியில்தான் எனக்குக் குத்து விழுந்தது’ என்கிறான் மெர்க்யூஷியோ. ரோமியோ சொல்லும் பதில் ஒரே வரி: நல்லதற்குத்தான் நினைத்தேன். புரூக்கின் கவிதையில் இந்தச் சாவே கிடையாது. அங்கே மெர்க்யூஷியோ விருந்தில் ஜூலியட்டின் கையைப் பிடிக்கும் சில்லிட்ட கைக்காரன், அத்தோடு சரி.

சாகும்போது ‘உங்கள் இரண்டு வீட்டிலும் கொள்ளைநோய் விழ’ என்று மறுபடி மறுபடி சபிக்கிறான். அந்தச் சாபம் பலிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஜூலியட் சாகவில்லை, மருந்து குடித்துத் தூங்குகிறாள் என்ற கடிதம் ரோமியோவுக்குப் போய்ச் சேராததற்குக் காரணம், அதைக் கொண்டுபோன பாதிரியாரைக் கொள்ளைநோய் சந்தேகத்தில் ஒரு வீட்டுக்குள் அடைத்துப் பூட்டியதுதான்.

சண்டையே வேண்டாம்னு சொன்ன ரோமியோ, அடுத்த நிமிஷம் டிபால்ட்டை ஏன் கொன்னான்?

வேண்டாம் என்று சொன்னபோது அவனுக்குக் கல்யாணம் ஆகி ஒரு மணி நேரம்தான். டிபால்ட் இப்போது சொந்தக்காரன். ஆனால் அதை வெளியே சொல்ல முடியாது. காரணம் சொல்லாத சமாதானம் பார்க்கிறவர் கண்ணுக்குக் கோழைத்தனமாகத்தான் தெரியும்.

நண்பன் செத்ததும் ரோமியோ என்ன சொல்கிறான் என்று படியுங்கள். ஜூலியட்டின் அழகு என்னைப் பெண்பிள்ளை ஆக்கிவிட்டது, என் வீரத்தை மழுங்கடித்துவிட்டது என்கிறான். அந்த வாக்கியத்தில் அவன் முழுக்க மான்டேகு வீட்டுப் பையன். டிபால்ட் விழுந்த பிறகு ‘நான் விதியின் கையில் கோமாளி’ என்கிறான், பிள்ளைகளும் அதையே அடிக்கோடிட்டு விதிமேல் பழிபோட்டுவிடுகிறார்கள். புரூக்கின் கதையில் டிபால்ட் தாக்க வருகிறான், ரோமியோ தற்காப்புக்குக் கொல்கிறான். ஷேக்ஸ்பியர் அந்தச் சாக்கை வேண்டுமென்றே பிடுங்கிக்கொண்டார். பழிக்குப் பழி என்று தெரிந்தே இவன் கொல்கிறான்.

அன்னைக்கு வெயில் ஜாஸ்தின்னு பென்வோலியோ சொல்றது சும்மாவா?

சும்மா இல்லை. ஜூலியட்டுக்கு 14 வயது முடியும் நாள் ஜூலை 31, அதற்கு இன்னும் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது என்று செவிலித்தாயும் திருமதி கேப்யுலெட்டும் பேசுவதில் வருகிறது. ஆக, ஜூலை நடு. இந்த வெயிலில் ரத்தம் கொதிக்கும், வீட்டுக்குப் போவோம் என்று அவன் கெஞ்சுவது மதிய நேரத்தில். குளோப் போன்ற லண்டன் அரங்குகளில் நாடகமும் கூரையில்லாத முற்றத்தில், பகல் வெளிச்சத்தில்தான் நடந்தது.

மறுபடி சண்டை போட்டா உயிர் போகும்னு இளவரசர் சொன்னாரே, ரோமியோவை ஏன் நாடு மட்டும் கடத்தினார்?

கேப்யுலெட் பக்கம் உயிருக்கு உயிர் கேட்கிறது. மான்டேகு பக்கத்து வாதம்: மெர்க்யூஷியோவைக் கொன்ற டிபால்ட்டைச் சட்டமே கொன்றிருக்கும், என் மகன் அதை முன்னாலேயே செய்துவிட்டான். இளவரசர் நடுவில் ஒரு தீர்ப்பு சொல்கிறார். ரோமியோ ஊரைவிட்டுப் போகவேண்டும், இரண்டு வீட்டுக்கும் பெருந்தொகை அபராதம். தன் உறவினன் செத்த கோபமும் அபராதத்தில் சேர்ந்திருக்கிறது, அவரே சொல்கிறார். கொலைகாரனை மன்னிக்கும் கருணை இன்னொரு கொலை செய்யும் என்று சொல்லிக்கொண்டே பாதி மன்னிக்கிறார். கடைசிக் காட்சியில், உங்கள் சண்டையைக் கண்டும் காணாமல் இருந்ததற்கு நானும் இரண்டு உறவினரை இழந்தேன் என்று ஒப்புக்கொள்வதும் அவர்தான்.

பென்வோலியோ சாட்சி சொல்றானே, அது உண்மையா மேடம்?

கவனமாகப் படிக்கிற பிள்ளைகள்தான் இதைக் கேட்பார்கள். முழு உண்மை இல்லை. ரோமியோ பணிந்து பேசினான், நடுவில் பாய்ந்து விலக்கினான், எல்லாம் சரி. ஆனால் முதலில் வாளை உருவி டிபால்ட்டை அழைத்தது மெர்க்யூஷியோ என்பதை விட்டுவிடுகிறான். டிபால்ட் மெர்க்யூஷியோவின் நெஞ்சைக் குறிவைத்தான் என்று தொடங்குகிறான்.

அவன் மான்டேகு சொந்தம், பொய் சொல்கிறான் என்று திருமதி கேப்யுலெட் கத்துவதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அவள் அதோடு விடவில்லை, இருபது பேர் சேர்ந்து ஒருவனைக் கொன்றார்கள் என்று அளந்துவிடுகிறாள். நாடகத்திலேயே சமாதானக்காரன் என்று பெயர் எடுத்தவனும் தன் பக்கத்துக்கு ஏற்ற மாதிரிதான் சாட்சி சொல்கிறான்.

அந்தக் காலத்துல நிஜமாவே தெருவுல இப்படிக் குத்திக்கிட்டாங்களா?

நாடகம் 1595 வாக்கில் எழுதப்பட்டது. அந்தப் பத்தாண்டின் லண்டனைப் பாருங்கள். 1589இல் நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவுக்கும் வில்லியம் பிராட்லி என்பவருக்கும் தெருவில் வாள்சண்டை. நடுவில் வந்த கவிஞர் தாமஸ் வாட்சனை நோக்கி பிராட்லி திரும்ப, வாட்சன் அவரைக் கொன்றார். தற்காப்பு என்று விடுதலையும் ஆனார். 1598இல் நாடகாசிரியர் பென் ஜான்சன் ஒரு நடிகரைக் குத்திக் கொன்றார். லத்தீன் வாசிக்கத் தெரிந்தவருக்கு இருந்த சலுகையில் தூக்கிலிருந்து தப்பினார், கட்டை விரலில் சூடு போட்டு அனுப்பினார்கள்.

குடும்பப் பகைக்கும் பக்கத்திலேயே உதாரணம் இருந்தது. இங்கிலாந்தின் வில்ட்ஷையரில் டான்வர்ஸ், லாங் என்ற இரண்டு குடும்பங்களின் பகையில் 1594 அக்டோபரில் ஹென்றி லாங் கொல்லப்பட்டார். கொன்ற டான்வர்ஸ் சகோதரர்கள் பிரான்சுக்குத் தப்ப உதவியவர் சவுத்தாம்ப்டன் பிரபு. ஷேக்ஸ்பியர் தன் இரண்டு நெடுங்கவிதைகளைக் காணிக்கையாக்கிய அதே பிரபு. இதிலிருந்துதான் நாடகம் பிறந்தது என்று எழுதிவிடாதீர்கள், கதை முன்பே புரூக்கிடம் இருந்தது. முதல் காட்சியில் ஊரார் ‘தடியை எடுங்கள்’ என்று கத்துவதும் லண்டன் தொழில் பழகும் பையன்களின் கூப்பாடு. 1595 கோடையில் அவர்கள் நகரத்தில் பெரிய கலகமே செய்தார்கள்.

வெரோனாவுல அந்தக் குடும்பங்கள் நிஜமா இருந்ததா?

பெயர்கள் நிஜம். இத்தாலியக் கவிஞர் தாந்தே 14ஆம் நூற்றாண்டில் எழுதிய காவியத்தின் இரண்டாம் பாகத்தில், ஆறாவது படலத்தில் மொன்டெக்கி, கப்பெல்லெத்தி என்று இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன. ஆனால் அது இத்தாலியைச் சீரழித்த அரசியல் கட்சிச் சண்டை பற்றிய இடம். காதலர்கள் அங்கே இல்லை. வெரோனாவில் ‘ஜூலியட் வீடு’ என்று காட்டும் இடத்தில் உள்ள பால்கனி 20ஆம் நூற்றாண்டில் வைத்தது. நாடகத்தில் பால்கனி என்ற சொல்லே கிடையாது, ஜன்னல்தான்.

பொண்ணுங்க யாரும் சண்டையில இல்லையே?

வாள் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். டிபால்ட்டின் சாவுக்குப் பிறகு, ரோமியோ நாடு கடத்தப்பட்டுப் போன மாண்டுவாவுக்கு ஆள் அனுப்பி அவனுக்கு விஷம் வைக்கிறேன் என்று மகளிடமே சொல்கிறாள் திருமதி கேப்யுலெட்.

வாள் இல்லாத வன்முறை அதே காட்சியில் இருக்கிறது. அப்பா பேசி முடித்த மாப்பிள்ளை பாரிஸ் பிரபுவைக் கட்டமாட்டேன் என்று ஜூலியட் சொன்னதும் கேப்யுலெட் பேசுவதைச் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். என் விரல்கள் அரிக்கின்றன என்கிறார், அடிக்கத்தான். கட்டிக்கொள்ள வராவிட்டால் தட்டியில் போட்டு இழுத்துப்போவேன் என்கிறார். அது குற்றவாளிகளைக் கொலைக்களத்துக்கு இழுத்துச் செல்லும் மரத்தட்டி. மறுத்தால் தூக்கில் தொங்கு, பிச்சையெடு, பட்டினி கிட, தெருவில் சாவு. முந்தாநாள் விருந்தில் டிபால்ட்டை அடக்கிய அதே குரல், இன்னும் கனமாக. வகுப்பில் இந்த இடத்தில் யாரும் சிரிப்பதில்லை.

நம்ம ஊர் ஆணவக்கொலை மாதிரின்னு எழுதலாமா?

எழுதினால் மதிப்பெண் குறைப்பேன். ஒரே மதம், ஒரே ஊர், முன்னுரையே சொல்லும் ஒரே அந்தஸ்து. மேலே யார், கீழே யார் என்ற கேள்வியே இல்லை. ஆணவக்கொலை அந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. இன்னொன்று, இங்கே பெற்றோர் யாரும் காதலர்களைக் கொல்லவில்லை. கல்யாணம் நடந்ததே அவர்களுக்குப் பிணங்களைப் பார்த்த பிறகுதான் தெரியவருகிறது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று வேண்டுமானால் முந்தைய பதிலில் உள்ள கேப்யுலெட்டின் பேச்சை வைத்து வாதாடலாம்.

கல்யாணம் பண்ணி வெச்ச பாதிரியார் மேலதான தப்பு?

லாரன்ஸ் பாதிரியார் இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதித்ததே, இரண்டு வீட்டு வன்மமும் அன்பாக மாறலாம் என்ற ஆசையில். ஊரில் சமாதானத்துக்கு ஒரு திட்டம் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அந்தத் திட்டத்தைச் சம்பந்தப்பட்ட இரண்டு வீட்டுக்கும் சொல்லவில்லை. மறைத்து வைத்த சமாதானம் என்ன செய்யும் என்பதை ரோமியோ பணிந்து பேசிய இடத்தில் பார்த்தோம்.

மொத்தம் எத்தனை பேர் சாகுறாங்க?

ஆறு பேர். மெர்க்யூஷியோ, டிபால்ட், பாரிஸ், ரோமியோ, ஜூலியட், மகன் நாடு கடத்தப்பட்ட துக்கத்தில் மேடைக்கு வெளியே இறக்கும் திருமதி மான்டேகு. வீடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள்: மான்டேகு பக்கம் இரண்டு, கேப்யுலெட் பக்கம் இரண்டு, இளவரசர் பக்கம் இரண்டு. பாரிஸும் அவர் உறவினன்தான்.

பாரிஸ் சாவும் மூன்றாம் அங்கத்துச் சண்டையின் அச்சுதான். கல்லறை வாசலில் ரோமியோ, என்னைத் தூண்டாதே, போய்விடு என்று கெஞ்சுகிறான். அவன் கேட்கவில்லை, குத்துப்பட்டுச் சாகிறான். கொன்றது யாரை என்று முகத்தைப் பார்த்த பிறகுதான் ரோமியோவுக்குத் தெரிகிறது.

கடைசியில வர்ற சமாதானம் நிஜமா?

கேப்யுலெட் ‘சகோதரா’ என்று மான்டேகுவின் கையைக் கேட்கிறார், இதுவே என் மகளுக்கான சீர் என்கிறார். மான்டேகு, அதைவிட அதிகம் தருகிறேன், ஜூலியட்டுக்குத் தங்கத்தில் சிலை வைக்கிறேன் என்கிறார். உடனே கேப்யுலெட், ரோமியோவுக்கும் அதே அளவு செழிப்பாக வைக்கிறேன் என்கிறார். துக்கத்திலும் யார் பெரிது என்ற ஏலம் ஓடுகிறது என்று வாசிப்பவர்கள் உண்டு, இல்லை, கதறுகிற இரண்டு கிழவர்களுக்குத் தெரிந்த பாஷை அதுதான் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம்.

எனக்கு உண்மையான சமாதானமாகப் படுவது அதற்குச் சற்று முன்னால் நடக்கிறது. கல்லறைக்குள் ரத்தத் துணியோடு கிடக்கும் டிபால்ட்டைப் பார்த்து, சொந்தக்காரா, என்னை மன்னித்துவிடு என்கிறான் ரோமியோ. இரண்டு வீட்டில் ஒருவர் இன்னொருவரிடம் மன்னிப்பு கேட்பது அங்கே ஒரே முறை. கேட்க ஆள் உயிரோடு இல்லை.

மேடம், பென்வோலியோ எங்க போனான்?

சாட்சி சொன்ன காட்சியோடு காணாமல் போகிறான், தேடுவாரும் இல்லை. 1597இல் வந்த முதல் அச்சுப் பதிப்பில் மட்டும், மனைவி இறந்த செய்தியோடு இளம் பென்வோலியோவும் இறந்துவிட்டான் என்று மான்டேகு ஒரு வரி சேர்த்துச் சொல்கிறார். 1599 பதிப்பில் அந்த வரி இல்லை, பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் பின்பற்றுவது அதைத்தான். தேர்வில் ஆறு என்றே எழுதுங்கள். ஏழு என்று எழுதினால் எந்தப் பதிப்பு என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள், மதிப்பெண் தருவேன்.